ஹீட் பம்ப் வாங்கும் முன் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வாங்குங்கள்

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. மகன் ஆசைப்பட்டுக் கட்டினான். கட்டி முடித்த வருடமே வேலை மாறி வெளியூர் போய்விட்டான். அப்புறம் நாலைந்து வருடம் அதில் ஒழுங்காகக் குளித்தது பக்கத்துத் தோப்பு மைனாக்கள் மட்டும்தான்.

வீட்டம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனது. தினமும் அரை மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தால் கால் சீக்கிரம் மடங்கும் என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் சொன்னாள். வீட்டிலேயே குளம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்று மார்கழி மாதம் ஒரு காலையில் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். முதல் படியில் கால் வைத்தவள் அப்படியே திரும்பிவிட்டாள். "ஏனுங்க, பச்சத் தண்ணியாட்ட இருக்குதுங்க. கால் விறைச்சுப் போயிரும்." தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 22.5 டிகிரி. அவளுக்கு வேண்டியது 30.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நூற்பாலையில் சில்லர், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட், ஏர் கம்ப்ரசர் என்று மெயின்டனன்ஸ் பார்த்தவன். குளத்துத் தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் எனக்குப் புது மிருகம் இல்லை. அந்தத் திமிரிலேயே இரண்டு தப்பு செய்தேன். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன், உங்களுக்காவது காசு மிஞ்சட்டும்.

மெஷின் என்ன செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடுகிறதல்லவா? உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப்பில் குளம்தான் அந்தப் பின்பக்கம். ஃபேன் வெளிக்காற்றை இழுக்கிறது, காற்றிலுள்ள சூட்டை மெஷினுக்குள் சுற்றுகிற கேஸ் வாங்கிக்கொள்கிறது, கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றுகிறது, டைட்டானியம் குழாய் வழியாக அந்தச் சூடு தண்ணீருக்குப் போகிறது. கரண்ட் சூடாக்குவதில்லை, சூட்டைச் சுமந்து கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதனால்தான் 1 யூனிட் கரண்டுக்கு 5 யூனிட் சூடு கிடைக்கிறது. ராடு ஹீட்டரில் 1 யூனிட்டுக்கு 1 யூனிட்தான். இந்த 5 என்பதைத்தான் விற்கிறவர்கள் சிஓபி என்று சொல்கிறார்கள். காற்று எவ்வளவு சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. காற்று குளிர்ந்தால் அந்த எண்ணும் இறங்கும்.

இனி கணக்கு. ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 1.16 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு வேண்டும். என் குளம் சராசரி ஆழம் 1.25 மீட்டர். 8 × 4 × 1.25 என்றால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். 1 டிகிரிக்கு 46.5 யூனிட் சூடு. 22.5-லிருந்து 30-க்கு ஏழரை டிகிரி என்றால் ஏறக்குறைய 350 யூனிட். ராடு போட்டால் 350 யூனிட்டும் மீட்டரில் ஓடும். ஹீட் பம்ப்பில் 70. கேஸ் பர்னர் வைத்தால் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்றே முக்கால் தீரும். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்ததும் ராடு, கேஸ் இரண்டையும் அப்போதே அடித்துவிட்டேன். மாடியில் கறுப்புக் குழாய்ப் பாய் விரித்து வெயிலில் சூடாக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் எங்கள் மாடி முழுக்கக் கரண்ட் சோலார் பேனல், இடமில்லை.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 350 யூனிட் என்பது ஒரு தடவை ஏற்றுவதற்கு. ஏற்றின சூடு அங்கேயே உட்கார்ந்திருக்குமா என்று நான் யோசிக்கவில்லை. அதுதான் என் பெரிய தப்பு. சின்னத் தப்பை முதலில் சொல்கிறேன்.

மெஷின் கொண்டுவந்த ஆட்கள் அதை எங்கே வைக்கலாம் என்று கேட்டார்கள். நான்தான், "பம்ப் ரூம் சும்மாதானே கிடக்குது, மழை படாம பத்திரமா இருக்கும்" என்றேன். அவர்களும் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டார்கள். இரண்டு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் ரூம், ஒரு ஜன்னல். மெஷின் ஓடி ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் ஐஸ் ஃபேக்டரி மாதிரி குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே 14 டிகிரி, வெளியே நல்ல வெயில். ஃபேன் துப்புகிற குளிர்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது, பாவம். சூடு எடுக்க அதில் ஒன்றுமில்லை. இத்தனை வருடம் சில்லர் பார்த்தவன் செய்கிற வேலையா இது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கூலி கொடுத்துத் தெற்குக் காம்பவுண்ட் ஓரம் திறந்த வெளிக்கு மாற்றினேன்.

ஆகவே இடம்: திறந்தவெளி. மழை பட்டால் ஒன்றும் ஆகாது, மழைக்காகத்தான் அந்தப் பெட்டி. கூரைத் தண்ணீர் அருவி மாதிரி மேலே கொட்டக் கூடாது, அவ்வளவுதான். காற்று இழுக்கிற பக்கம் சுவரிலிருந்து அரை மீட்டராவது, துப்புகிற பக்கம் இரண்டு மீட்டருக்கு மேல் காலியாக விடுங்கள். உங்கள் மெஷினின் கையேட்டில் அதிகம் போட்டிருந்தால் அதுதான் சட்டம். காங்கிரீட் மேடை போட்டு, காலுக்கு ரப்பர் வையுங்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து ஃபேனைத் திருப்பாதீர்கள், பிறகு கல்யாணப் பத்திரிகை கூட வராது. தென்னை மரத்தடி வேண்டாம். குளத்து விளிம்பிலிருந்து நான் 4 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறேன். ஈரக்கையோடு யாரும் எட்டித் தொட முடியாத தூரம்.

ஓட ஆரம்பித்ததும் மெஷினுக்கு அடியில் தண்ணீர் சொட்டும். லீக் என்று பதற வேண்டாம். ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு வியர்க்கிறது. ஏசியில் வருகிற அதே தண்ணீர். ஐப்பசி மழை நாளில் பக்கெட் பக்கெட்டாக வரும். சந்தேகமாக இருந்தால் குளோரின் பார்க்கிற சொட்டு மருந்தை அதில் இரண்டு சொட்டு விடுங்கள். மஞ்சளானால் குளத்துத் தண்ணீர், லீக்தான். நிறம் மாறாவிட்டால் வியர்வை. ஒரு ட்யூப் மாட்டிக் கறிவேப்பிலைச் செடிக்கு விட்டிருக்கிறேன்.

இனி பெரிய தப்பு.

மெஷினை வெளியே மாற்றி, மூன்று நாள் இரவும் பகலும் ஓட்டி, தண்ணீரை 30-க்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு 30. நிம்மதியாக ஆஃப் செய்துவிட்டுத் தூங்கினேன். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 27.5. இரண்டரை டிகிரி, ஒரே ராத்திரியில் போச்சு. 46.5-ஐ இரண்டரையால் பெருக்கினால் 116 யூனிட் சூடு. அதைத் திருப்பிக் கொண்டுவர 23 யூனிட் கரண்ட், தினமும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

எங்கே போகிறது என்று பார்க்க, பேத்தியின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு இரண்டாவது படியில் உட்கார்ந்தேன். ஸ்கேலைச் சுவர் டைல்ஸோடு ஒட்டி நிறுத்தி, ஃபில்டர் மோட்டாரை நிறுத்தி, அலை அடங்கக் காத்திருந்து, தண்ணீர் விளிம்பு எந்தக் கோட்டில் என்று டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். காலையில் அதே இடத்தில், அதே மாதிரி. 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நாலு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 32 சதுர மீட்டர் பரப்பில் அது 128 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 0.67 யூனிட் சூட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. 128 லிட்டருக்கு 86 யூனிட். தொலைந்த 116-ல் 86, நாலில் மூன்று பங்கு ஆவியாகத்தான் போயிருக்கிறது. சுவர் வழியாகவும் தரை வழியாகவும் போவதெல்லாம் கொசுறு.

குளம் ஒழுகுகிறதோ என்ற சந்தேகம் வந்தால் பக்கெட் டெஸ்ட் செய்யுங்கள். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, படியில் விளிம்பு வெளியே தெரிகிற மாதிரி வைத்து, உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் குறியுங்கள். மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. குளம் அதிகம் இறங்கியிருந்தால் எங்கேயோ லீக், அதை அடைக்காமல் சூடாக்கிப் பிரயோஜனமில்லை.

ஆவியைத் தடுக்க மூடி வேண்டும். பார்சலில் வரும் குமிழ் ஷீட்டைப் பார்த்திருப்பீர்கள். அதையே தடிமனாக, வெயிலுக்குத் தாங்குகிற மாதிரி செய்து நீலக் கலரில் பபிள் கவர் என்று விற்கிறார்கள். நான் வாங்கினது 500 மைக்ரான். குளத்து வடிவத்துக்குக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். குமிழ் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும், வழவழப்பான பக்கம் மேலே. முதல் நாள் நான் தலைகீழாகப் போட்டுவிட்டு, மேலே தேங்கின தண்ணீரை விளக்குமாறால் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒற்றைத் துண்டாக இருந்தால் கனம் தாங்காது. நீளவாக்கில் இரண்டாக வெட்டிக்கொண்டால், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், கோரைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எடுத்துவிடலாம். ரோலர் வாங்கலாம், விலை அதிகம். சுருட்டினதை வெயிலில் அப்படியே போடாதீர்கள். மடிப்புக்குள் சூடு ஏறி ஷீட் பொரிந்து போய்விடும். மேலே ஒரு பழைய வெள்ளை வேட்டியைப் போர்த்தி வைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பபிள் கவர் குழந்தைகளைத் தாங்காது. மேலே நடக்கலாம் என்று ஒரு குழந்தை கால் வைத்தால் ஷீட்டோடு உள்ளே போய்விடும், மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேரன் பேத்தி வருகிற வீடு என்றால் குளத்தைச் சுற்றி பூட்டு போட்ட கேட் வேண்டும். பாதி சுருட்டிவிட்டு மீதியில் குளிக்கிற வேலையும் கூடாது. எடுத்தால் முழுசாக எடுங்கள்.

கவர் போட்ட ராத்திரி, 30 டிகிரி காலையில் 29.2. முக்கால் டிகிரி சொச்சம்தான் இறங்கியது. 116 யூனிட் நஷ்டம் 37 ஆனது.

அடுத்த வருடம் மார்கழியில் வேண்டுமென்றே மெஷினைத் தொடாமல் கவர் மட்டும் போட்டுவிட்டு ஒரு வாரம் பார்த்தேன். கோவையில் பனிக்காலத்துப் பகல் வெயில் சும்மா இல்லை. கவர் வழியாக வெயில் உள்ளே போகிறது, ஆவி வெளியே வருவதில்லை. 22.5-லிருந்த தண்ணீர் 25.5-க்குத் தானே ஏறியிருந்தது. மூன்று டிகிரி, கரண்ட் பில் சைபர். அன்றைக்குத்தான் தெரிந்தது, கவரை முதலில் வாங்கியிருந்தால் இதைவிடச் சின்ன மெஷினே எனக்குப் போதும் என்று. சென்னையில் இருக்கிறவர்கள் பலருக்கு மெஷினே தேவைப்படாது. கவரைப் போட்டு ஒரு தை மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படியும் மெஷின் வேண்டும் என்றால் அளவு எப்படிப் பார்ப்பது? கன மீட்டரை 1.16-ஆல் பெருக்கினால் 1 டிகிரிக்கான சூடு. அதை மெஷினின் கிலோவாட்டால் வகுத்தால் 1 டிகிரி ஏற எத்தனை மணி நேரம் என்று வரும். என்னுடையது 13 கிலோவாட். 46.5-ஐ 13-ஆல் வகுத்தால் 3.6 மணி நேரம். கவர் போட்ட குளத்துக்கு இது தாராளம். பிரவுச்சரில் பெரிய எழுத்தில் போடுகிற கிலோவாட், காற்று 26, 27 டிகிரி, ஈரம் 80 சதவீதம் இருக்கும்போது வருவது. கீழே பொடி எழுத்தில் 15 டிகிரிக்கு ஒரு எண் இருக்கும், அது மூன்றில் இரண்டு பங்குதான் வரும். கோவையில் பகலில் ஓட்டுகிறவனுக்குப் பெரிய எழுத்தே பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் பொடி எழுத்தைப் படியுங்கள். அங்கே தையில் காற்று சைபரை நெருங்கும்போது தகட்டில் ஐஸ் கட்டி, அதை உருக்கவே மெஷின் நின்று நின்று ஓடும். ஐஸ் உருக்கும் வசதி உள்ள மாடல்தான் அங்கே வேலைக்கு ஆகும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் கம்ப்ரசரா சாதாவா என்று கேட்பார்கள். இன்வெர்ட்டர் பாதி வேகத்தில் ஓடும்போது சத்தமும் குறைவு, சிஓபியும் ஏறும். காசு இடம் கொடுத்தால் அதுவே. உள்ளே சுற்றுகிற கேஸ் ஆர்32 என்றால் நல்லது, பழைய ஆர்410ஏ-வை விடச் சூழலுக்குக் கெடுதல் குறைவு. சூடு மாற்றுகிற குழாய் டைட்டானியமா என்று மட்டும் கறாராகக் கேளுங்கள். செம்பு என்றால் குளோரின் தின்றுவிடும். விலையை எழுதவில்லை. ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.

பைப் லைனில் வரிசை முக்கியம். மோட்டார், அடுத்து ஃபில்டர், அடுத்து ஹீட் பம்ப், கடைசியாகக் குளோரின் போடுகிற சாதனம், பிறகு குளம். குளோரினை மெஷினுக்கு முன்னால் வைத்தால் காரமான தண்ணீர் நேராக உள்ளே போகும். டைட்டானியம் தாங்கினாலும் வாஷர், சென்சார் தாங்காது. மிதக்கிற குப்பையை இழுத்துப் பிடிக்கிற ஸ்கிம்மர் கூடைக்குள் குளோரின் மாத்திரை போடுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப உண்டு. மோட்டார் நின்ற நேரத்தில் மாத்திரை அங்கேயே கரைந்து, காலையில் மொத்தமாக மெஷினுக்குள் போகிறது. மிதக்கிற டப்பாவில் போட்டுக் குளத்தில் விடுங்கள்.

மெஷினுக்குப் போகிற பைப், வருகிற பைப் இரண்டிலும் ஒவ்வொரு பால் வால்வு, இரண்டுக்கும் நடுவே மெயின் லைனில் ஒன்று. மொத்தம் மூன்று. நடுவால்வைத் திறந்து மற்ற இரண்டையும் மூடினால் மெஷின் லைனிலிருந்து விலகிக்கொள்ளும். ரிப்பேருக்கும், கோடையில் நிறுத்தி வைக்கவும், குளோரின் அதிகம் கொட்டிக் குளத்தைக் கழுவுகிற நாளுக்கும் இது இல்லாமல் ஆகாது. மெஷின் வாயில் யூனியன், அதாவது திருகிக் கழற்றுகிற இணைப்பு, போடச் சொல்லுங்கள். நேராகச் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டுப் போனால் கழற்றும்போது பைப்பை அறுக்கத்தான் வேண்டும்.

கரண்ட் வேலையில் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீரும் மனுஷனும் சேர்ந்திருக்கிற இடம். மெஷினுக்குத் தனி லைன், தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, தனி எர்த். என்னுடையது முழு வேகத்தில் 2.3 கிலோவாட் இழுக்கிறது, சிங்கிள் பேஸ் போதும். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் போட்டேன். ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், டப்பென்று விழ வேண்டும். குளத்துக் கைப்பிடி ஸ்டீல் கம்பியையும் எர்த்தில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் வாங்கியிருக்கிற லோடு போதாது என்றால் ஈபி ஆபீசில் கூடுதல் லோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. நானே செய்யத் தெரிந்தவன், நானே செய்யவில்லை.

மெஷின் ஓடின முதல் வாரம் மைத்துனன் வந்து, தண்ணீர் குளத்துக்குத் திரும்புகிற ரிட்டர்ன் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க மாமா, இத்தன செலவு பண்ணிச் சூடே வரலீங்களே" என்றான். கொதிக்கக் கொதிக்க வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி வரக் கூடாது. உள்ளே போகிறதற்கும் வெளியே வருகிறதற்கும் ஒன்றரை, இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் அதுதான் சரி. வித்தியாசம் நாலு, ஐந்து என்று இருந்தால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். ஃபில்டரை பேக்வாஷ் செய்யுங்கள் (தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு அழுக்கை வெளியேற்றுவது), நடுவால்வு திறந்து கிடக்கிறதா பாருங்கள்.

விற்றவன் சொன்ன சிஓபி உண்மையா என்று வீட்டிலேயே அளக்கலாம். 0.1 டிகிரி காட்டுகிற இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். முதலில் இரண்டையும் ஒரே பக்கெட் தண்ணீரில் பத்து நிமிடம் விட்டு, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அளப்பது வீண், ஏனென்றால் நாம் பிடிக்கப்போவதே ஒன்றரை டிகிரி. ஒன்று மெஷினுக்குப் போகிற தண்ணீரில், ஒன்று வருகிற தண்ணீரில். லைனில் ரோட்டாமீட்டர் இருந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். எனக்கு மணிக்கு 7 கன மீட்டர். போகிறது 27.8, வருகிறது 29.3, வித்தியாசம் 1.5. 7 × 1.16 × 1.5 என்றால் 12.2 கிலோவாட் சூடு. தனி மீட்டரில் 2.3 கிலோவாட். வகுத்தால் 5.3. பம்ப் ரூமில் வைத்திருந்த நாளில் இதே கணக்குப் போட்டபோது வித்தியாசம் 0.8 டிகிரி, சிஓபி 3-தான் வந்தது. இடம் மாற்றக் கொடுத்த கூலி அந்த ஒரு சீசனிலேயே கழிந்துவிட்டது.

ஓட்டுகிற நேரம் காலை பத்து முதல் மாலை நாலு வரைக்குள். அப்போது காற்று 28, 30 டிகிரி, மாடியில் பேனலும் உற்பத்தி செய்கிறது. 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் தருகிறது. மார்கழியில் மெஷின் தின்பது நாளுக்கு 9, 10 யூனிட். மோட்டார் எப்படியும் ஓட வேண்டியதுதான், அதை இதில் சேர்க்கவில்லை. பேனல் இல்லாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 10 யூனிட் வீதம் 60 நாளில் 600. 500 யூனிட்டைத் தாண்டினால் அடியில் உள்ள சலுகை விலையில் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விடும். பில்லைப் பார்த்துவிட்டு மெஷினைத் திட்டக் கூடாது.

ராத்திரி ஓட்டுகிறவர்கள், காலையில் குளிக்கணும் என்பார்கள். கவர் இருந்தால் மாலை சூடே காலை வரை நிற்கும். வீட்டம்மா நடப்பது காலை ஏழரைக்கு, மெஷின் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு டிகிரி வைப்பது? நீச்சல் அடிக்கிற பையன்களுக்கு 27, 28 போதும், போட்டிக் குளங்களே 25 முதல் 28 வரைதான். மூட்டுவலிக்காரர்கள், மெதுவாக நடக்கிறவர்களுக்கு 30, 31. அதற்குமேல் வைத்தால் இழப்புதான் கூடும், கொஞ்ச நேரத்தில் தலை வேறு கிறுகிறுக்கும். இருதயம், பிரஷர் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தண்ணீர் சூடானால் பாசிக்கும் கொண்டாட்டம், குளோரினும் சீக்கிரம் தீரும். 1 முதல் 3 பிபிஎம் குளோரின், 7.2 முதல் 7.6 வரை பிஎச். முன்பு வாரம் இரண்டு தடவை பார்த்தேன், இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும். கீஸர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அது மெஷின் குழாயிலும் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்கு ஏறாது, வித்தியாசம் 1.5-லிருந்து மெல்ல மெல்ல இறங்கும். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடிந்தவரை சிறுவாணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ விட்டு நிரப்புங்கள், பிஎச் 7.8-க்கு மேல் ஏற விடாதீர்கள்.

கோவைக்காரர்களுக்கு இன்னொன்று. மார்கழியைவிட ஆடிதான் என் குளத்துக்கு எமன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நேராக எங்கள் பக்கம்தான் நுழைகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆவி பறக்காதா? வெளியே 25 டிகிரி இருக்கும், இருந்தும் ஸ்கேல் மார்கழியைவிட அதிகம் இறங்கிக் காட்டும். கவரையே காற்று தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தில் மாட்டிவிட்டது ஒரு நாள். மேற்குக் காம்பவுண்ட் மேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பச்சை வலை கட்டி, கவரின் நாலு ஓரத்திலும் மணல் நிரப்பின பைப் துண்டு வைத்த பிறகுதான் அடங்கியது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு முறை பின்பக்கத் தகட்டை மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டி, தோட்டத்துக் குழாயில் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் தகடு சப்பையாகிவிடும். எங்கள் மெஷின் ஒரே ஒரு தடவைதான் நின்றது. திறந்து பார்த்தால் சர்க்யூட் போர்டில் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. கேபிள் நுழைகிற ஓட்டையில் சிலிகான் அடைத்தாயிற்று. சித்திரை பிறந்தால் குளம் தானாக 30-ஐத் தாண்டிவிடும். அப்போது நடுவால்வைத் திறந்து, மற்ற இரண்டையும் மூடி, யூனியனைக் கழற்றி உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிடுகிறேன். குளோரின் தண்ணீர் நாலைந்து மாதம் குழாயில் தேங்கி நிற்கக் கூடாது. கவரை மட்டும் எடுத்து வைப்பதில்லை. இப்போது அது சூட்டுக்காக இல்லை. ராத்திரியில் போட்டுவைத்தால் ஆவியாகிற தண்ணீர் மிச்சம், கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.